இரண்டு பைகளோடு வந்தவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சுவிட்சர்லாந்தின் லுசேர்ணில் எங்கள் அகதி முகாமுக்குப் பக்கத்து நூலகத்தில் தமிழுக்கென்று ஒரு தட்டு இருந்தது. நான் போனபோதெல்லாம் அது காலியாகவே கிடந்தது. என் அகதி வழக்கு முடியவில்லை, வேலைக்கும் அனுமதியில்லை. வாசிக்க ஒரு புத்தகம் கிடைக்காதா என்று அலைந்த காலம்.

ஒரு சனிக்கிழமைதான் காரணம் தெரிந்தது. ஹோட்டலில் கோப்பை கழுவி ஊறி வெளுத்த விரல்களோடு ஒருவர், பை நிறையத் தமிழ்ப் புத்தகங்களை மேசையில் அடுக்கினார். நூலகப் பெண்மணி ஒவ்வொன்றிலும் புதுத் தேதி குத்தினார். உடனே அந்த மனிதர் எல்லாவற்றையும் மறுபடி பைக்குள் வைத்தார்.

"அண்ணை, இவ்வளவும் வாசிக்கிறனீங்களோ?" என்று கேட்டேன்.

"எனக்கெங்க தம்பி நேரம்? ஒருத்தரும் எடுக்காட்டில் தட்டை எடுத்துப்போடுவாங்கள். அதுதான் மாதம் தவறாமல் பதியிறன்."

"நான் எடுப்பன்தானே அண்ணை."

"எடுப்பீர். நாளைக்கு உம்மை வேற முகாமுக்கு மாத்தினால் புத்தகத்தை ஆர் திருப்பிக் குடுக்கிறது?"

நாளைக்கு எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

தமிழ்ப் புத்தகங்கள் தட்டில் தங்குவதே இல்லையென்று பூரித்துப்போன அந்தப் பெண்மணி, இன்னும் பத்துப் புத்தகங்கள் வரவழைத்தார். அவை வந்த அன்றே ஓடினேன். வரிசையில் எனக்கு முன்னால் அண்ணை, இந்த முறை இரண்டு பைகளோடு நின்றார்.

"பாத்தீரோ தம்பி, தட்டு வளருது," என்றார் பெருமையாக.

ஓம் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.