கும்பிடும் பூச்சிக்கு மூன்று சாமி

மடிக்கணினியின் மேல் பச்சையாக ஒரு பெருமாள் பூச்சி வந்து உட்கார்ந்து, கூப்பிய கையோடு என்னையே பார்க்கிறது. நாற்பது வயதுக்காரன், நாற்காலியின்மேல் ஏறி நிற்கிறேன்.

மலையாளம் பேசும் கரமனையில் மூன்றாம் வகுப்பு படித்தபோது, பள்ளி வராந்தாவில் இப்படி ஒன்றைச் செருப்பால் அடித்துக் கொன்றேன். பெரிய வீரன் என்ற நினைப்பு.

"எடா பாவீ! அது மக்காவைப் பார்த்துத் தொழுகிற பூச்சியாக்கும்," என்றான் கூடப் படித்த நசீர்.

"போடா, அது கர்த்தர்கிட்ட ஜெபிக்கிறதாக்கும், கேட்டோ," என்றான் தாமஸ்.

வீட்டுக்குப் போனால் அம்மா, "பெருமாளையே கொன்னுட்டு வந்திருக்கியேடா!" என்று தலையில் கைவைத்தாள்.

ஒரு சாமியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டால் மற்ற இருவரும் சும்மா விடுவார்களா? கிணற்றடியில் ஒளிந்துகொண்டு தோப்புக்கரணம் போட்டேன்; மண்டியிட்டுச் சிலுவை போட்டேன்; மேற்கே பார்த்து நெற்றியைத் தரையில் வைத்தேன். நிமிர்ந்தால், துவைகல்லின் மேல் இன்னொரு பூச்சி! அலறி ஓடியதில் நிக்கர் நனைந்துவிட்டது.

இப்போது மகள் சிரிக்கிறாள். "அது கும்பிடலைப்பா. இரையைப் பிடிக்க ரெடியா நிக்கறது."

"அந்த இரை நான்தான்னு முப்பது வருஷமா சொல்றேனேம்மா," என்றேன், நாற்காலியை விட்டு இறங்காமல்.