முகூர்த்த நாளில் பூத்த டிராகன் பழம்

டிராகன் பழக் கொடியைப் பிடுங்கியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் யாசர். சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில், அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள தோட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு. மூன்று வருடமாகப் பூக்கிறது, ஒரு காய் இல்லை. முள்ளில் பிள்ளைகள் சட்டையைக் கிழித்துக்கொள்கிறார்கள். இந்தத் தடவையும் காய்க்காவிட்டால் வெட்டுதான் என்று குடியிருப்பாளர் கூட்டத்தில் சொல்லிவிட்டார்.

நட்டவர் அதே புளோக்கில் குடியிருக்கும் பாக்கியலட்சுமி. டன்லப் ஸ்ட்ரீட்டில் மாடிக்கடை வைத்து மணப்பெண் அலங்காரம் செய்பவர். எந்தப் பெண் வந்து உட்கார்ந்தாலும் உடனே பவுடரைத் தொடமாட்டார். முகத்தைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். கொடியையும் அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் குறையைக் கண்டுபிடித்தார். தன் மகரந்தம் தனக்கே சேராத ரகம் அது.

"இதுக்குச் சொந்தத்துல ஆகாது பாய். வெளியில சம்பந்தம் பாக்கணும்" என்றார் யாசரிடம்.

பாசிர் ரிஸ்ஸில் தெரிந்தவர் வீட்டில் வேறு ரகம் பூத்தபோது ரயிலேறிப் போய், மகரந்தத்தைக் காலி ஐஷேடோ டப்பாவில் தட்டி வந்து ஃபிரிட்ஜில் வைத்தார். மூன்று மொட்டுகள் பருத்தன. ஆனால் அவை விரியப்போகும் ராத்திரியில் அவருக்கு ஜூரோங்கில் வேலை. பெண் வீட்டில் தங்கி, விடியுமுன் அலங்காரத்தை முடிக்கவேண்டும். இந்தப் பூவோ ஒரு ராத்திரிப் பூ. வெயில் ஏறினால் வாடிவிடும்.

புறப்படும் முன் டப்பாவும் பிரஷ்ஷுமாக அவர் வந்து நின்றது யாசர் வீட்டு வாசலில்.

"வெட்டணும்னு சொன்னவன் நான். என்கிட்டயே குடுக்குறீங்களேம்மா?"

"விடிகாலை சுபுஹுத் தொழுகைக்குத் தவறாமப் போறவர் நீங்கதானே? திரும்பி வர்றப்ப பூவுக்கு நடுவுல நட்சத்திரம் மாதிரி நிக்கும் பாருங்க, அதுல இந்தப் பொடியத் தடவிவிடுங்க. அழுத்தாதீங்க லா, கண்ணிமை மாதிரி."

யாசருக்குத் தூக்கம் போய்விட்டது. காய்க்காமல் போனால் அவர்தான் வேண்டுமென்றே கெடுத்தார் என்று புளோக்கே பேசும். பாக்கியலட்சுமி மட்டும் அப்படி நினைக்கமாட்டார். அதுதான் அவரை இன்னும் படுத்தியது.

தொழுதுவிட்டு வந்தபோது பூக்கள் உள்ளங்கையைவிட அகலமாக விரிந்து கிடந்தன. இத்தனை வருடத்தில் இந்த நேரத்தில் அவர் அவற்றை நின்று பார்த்ததே இல்லை. கப்பல் பட்டறையில் வெல்டிங் பிடித்த கையால் பிரஷ்ஷை டப்பாவில் தொட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு தடவினார்.

அப்புறம் தினமும் தொழுகை முடிந்ததும் கொடியடிக்குப் போனார். பூக்கள் தொங்கின. ஒன்று மஞ்சளாகி, காம்போடு உதிர்ந்தது. மற்ற இரண்டின் அடியும் பச்சையாகவே இருந்து, மெல்ல உருண்டு திரண்டது.

காய் பிடித்தது உறுதியான அன்று, பாக்கியலட்சுமி வீடு திரும்பும் சாயங்காலம்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. ரயிலேறி டன்லப் ஸ்ட்ரீட் போய், பெண்கள் நிறைந்த அந்த மாடிக்கடை வாசலில் செருப்பைக் கழற்றாமல் கூச்சத்தோடு நின்றார். பாக்கியலட்சுமி ஒரு பெண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியிலேயே ஆளைக் கண்டுகொண்டார்.

"நிக்குதா பாய்?"

"ரெண்டு நிக்குது. வெட்ட வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு விழுந்துருச்சும்மா. என் கை சரியில்ல."

"முதல் தடவைக்கு ரெண்டு நின்னதே பெரிசு. நான் முதமுதல்ல அலங்காரம் பண்ண பொண்ணு, கோயிலுக்குப் போறதுக்குள்ள மூஞ்சியக் கழுவிட்டுப் போயிட்டா."