உன் லைன்லதான் வேலை

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் கம்பெனியில் வேலை. என் மகள் கம்ப்யூட்டரில் டிசைன் பேட்டர்ன் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். வேலை போய் ஏழு மாதமாக வீட்டில் கிடந்தாள். சரியாகச் சாப்பிடவும் இல்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரே நடுக்கம்.

எங்கள் கம்பெனியிலும் பேட்டர்ன் உண்டு. மண்ணில் அச்சு எடுக்க வைக்கும் மரத்தால் செய்த மாதிரி வடிவம் அது. மேனேஜரிடம் கெஞ்சிவிட்டு, "உன் லைன்லதான் வேலைம்மா" என்று அவளை அழைத்துப்போனேன். சர்டிபிகேட் பையோடு வந்தாள்.

அவள் முன்னால் ஒரு மரக்கட்டையை வைத்தார்கள். "டாக்டருக்குப் படிச்சது கட்டை இழைக்கவாம்மா?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியிடம், "நைனா சொன்னது சரிதான் சார். ஒரு தபா யோசிச்சு செஞ்ச மாதிரிய வச்சு நூறு வேல பண்றதுதான் நான் படிச்சதும். என்னுதுல மரம் இருக்காது, அவ்ளோதான்" என்றாள்.

வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே வந்ததும் அழுதாள். "நான் இன்னா படிச்சேன்னு ஒரு நாளாவது கேட்டியா நைனா?"

இன்றுவரை அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. என் நடுக்கமும் நிற்கவில்லை. அவளுக்காகப் பயப்படுவதையே அக்கறை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.