டெல்பர்ட்டின் மடியில் பாடிய போன்

லுர்லீன் பிக்கெட்டின் மருந்துக்கடைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது சாக்ஸஃபோன். யாரும் வாசிப்பதில்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டு வைத்திருக்கும் அவளுடைய செல்போனிலிருந்து வரும், "தயவுசெய்து காத்திருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் இசை அது.

அர்க்கன்சாஸில் டர்னிப் பெண்ட் என்ற அந்த ஊரில் வேறு மருந்துக்கடை கிடையாது. அப்பா வைத்த கடை. லுர்லீன் வெளியூரில் படித்துவிட்டுத் திரும்பி, அதே வெள்ளைக் கோட்டைக் கையை மடித்துப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். ஊரில் யாருக்கு என்ன வியாதி என்று அவளுக்குத் தெரியும். வெளியே மூச்சு விட மாட்டாள். கோபம் மட்டும் மூக்குநுனியில் நிற்கும்.

கோபம் எல்லாம் ஒரு தரகுக் கம்பெனி மேல். இன்சூரன்ஸுக்கும் கடைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, எந்த மாத்திரைக்குக் கடைக்காரருக்கு எவ்வளவு தரலாம் என்று தீர்மானிக்கிறவர்கள். லுர்லீன் வாங்கும் விலையைவிடக் குறைவாகத்தான் தருவார்கள். விற்க விற்கக் கையைக் கடிக்கும். போதாததற்கு, தபாலில் மருந்து அனுப்பும் கடை ஒன்றையும் அவர்களே நடத்திக்கொண்டு, "பிக்கெட் கடையை விட்டு எங்களிடம் வாருங்கள்" என்று அவளுடைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார்கள். அவளும் அதே இன்சூரன்ஸில் இருந்ததால் அவளுக்கும் ஒன்று வந்தது. அதை வாசற்கதவில் ஒட்டி வைத்தாள்.

விலை சரியில்லை என்றால் முறையிடலாம். போனில்தான் முறையிட வேண்டும். வரிசையில் காத்திருக்க வேண்டும், வைத்துவிட்டால் மறுபடி கடைசி ஆள். அதனால் டர்னிப் பெண்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கடையில் காபி குடிக்க உட்காருகிறவர் போனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குக் 'காவல்' என்று பேர். சாக்ஸஃபோன் நின்று மனிதக் குரல் கேட்டால் "மிஸ் லுர்லீன்!" என்று கத்த வேண்டும். அந்தப் பாட்டு ஊரார் மண்டைக்குள் எவ்வளவு ஏறிவிட்டதென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு சுற்றும்போது பியானோக்காரம்மா தன்னை மறந்து அதையே வாசித்துவிட்டார். சபையில் பாதிப் பேர் கூடவே முணுமுணுத்தார்கள். போதகர் ஆமென் சொல்லிவிட்டார்.

காவலில் கெட்டிக்காரன் டெல்பர்ட் ஹாக்ஸ். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். வலிப்பு வந்து, லைசென்ஸ் போய், இப்போது நடந்து போகும் தூரம்தான் அவன் உலகம். இந்தத் தடவை போன் காத்திருந்ததே அவனுடைய வலிப்பு மாத்திரைக்காக.

"இதுலயும் இல்லேன்னுட்டாங்கன்னா கடையைப் பூட்டிடுவேன் டெல்பர்ட்," என்றாள் லுர்லீன். "உனக்கு மாத்திரை குடுக்கற ஒவ்வொரு தடவையும் எனக்கு நஷ்டம். எத்தனை நாள் தாங்குவேன்?"

"பூட்டுனா நான் எங்க போறது மிஸ் லுர்லீன்? அடுத்த கடை ஹாரிஸ்வில்லுல இருக்கு. காருல போனாலே ஒரு மணி நேரம்."

"அதைத்தான் நானும் ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். பேசாம காபியைக் குடி."

கடைக்காரர் வாங்கும் விலைக்குக் கீழே தரகுக் கம்பெனிகள் கொடுக்கக் கூடாது என்று மாநிலத்தில் ஒரு சட்டம் கொண்டுவரப் பேச்சு நடந்தது. அதை ஆராயும் மாநில செனட் குழுவில் சாட்சி சொல்ல லுர்லீனைக் கூப்பிட்டார்கள். கிளம்பும் நேரத்தில் போன், "உங்களுக்கு முன்னால் சிலரே இருக்கிறார்கள்" என்றது. இப்போது எப்படி வைப்பது?

"நான் மடியில வச்சுக்கிட்டு வர்றேன்," என்றான் டெல்பர்ட். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு லுர்லீனின் பிக்கப் வண்டியில் ஏறினான். வழியெல்லாம் சாக்ஸஃபோன்.

குழுவின் முன் முதலில் பேசியது கம்பெனிக்காரர். நல்ல கோட்டு, நல்ல பல். "எங்களைக் கூப்பிட்டா உடனே எடுப்போம். முறையீடு எல்லாத்தையும் அக்கறையா பார்ப்போம்," என்றார்.

அப்போது பின்வரிசையில் டெல்பர்ட் மடியில் கவிழ்த்து வைத்திருந்த தொப்பிக்கு அடியிலிருந்து பாட்டு கேட்டது.

"யாருய்யா அது, சபையில பாட்டு போடறது?" என்றார் குழுத்தலைவர் செனட்டர் விட்லாக்.

டெல்பர்ட் எழுந்து நின்றான். "ஐயா, இது அவங்க பாட்டுதான். உடனே எடுப்போம்னாரே, அந்தப் பாட்டு. காலையிலேருந்து காவல் காக்கறேன்."

லுர்லீனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. எழுதிக்கொண்டு வந்த பேச்செல்லாம் மறந்து போயிற்று. அந்த நேரம் பார்த்துச் சாக்ஸஃபோன் நின்றது.

"மிஸ் லுர்லீன்!" என்று டெல்பர்ட் கூரை அதிரக் கத்தினான். பழக்கதோஷம்.

ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கினாள். "அம்மா, இந்த வலிப்பு மாத்திரைக்கு நான் வாங்கற விலையைக்கூட நீங்க தரலை."

"எங்க கம்ப்யூட்டர் காட்டற விலைக்கு வெளியில கிடைக்குதுங்க மேடம்," என்றது ஒரு பெண்குரல். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"எங்க கிடைக்குது?"

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லீங்க."

"அடி கண்ணு, அந்தக் கடை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு. நான் அங்கயே கூடாரம் போட்டு உக்காந்துடறேன்!"

விட்லாக் கையை நீட்டினார். "இங்க குடும்மா. ஹலோ, நான் செனட்டர் விட்லாக் பேசறேன்."

"சரிங்க சார். நீங்க மருந்துக்கடை நடத்தறீங்களா?"

"இல்ல. மாநிலத்தை நடத்தறேன்."

"அப்படி ஒரு பிரிவு எங்ககிட்ட இல்லீங்க சார். கொஞ்சம் காத்திருங்க."

மறுபடி சாக்ஸஃபோன். கம்பெனிக்காரர் வெலவெலத்துப் போய், "ஒரு நிமிஷம், நானே பேசி முடிக்கிறேன்," என்று தன் போனை எடுத்துத் தன் கம்பெனியையே கூப்பிட்டார். அவர் போனிலும் சாக்ஸஃபோன். செனட்டர் கையிலிருந்த போனுக்கு ஒரு வரி பின்னால் அதே பாட்டைப் பாடிக்கொண்டு வந்தது.

டெல்பர்ட் அவர் தோளைத் தட்டினான். "ஐயா, வச்சுடாதீங்க. வச்சா கடைசிக்குப் போயிடுவீங்க."

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. ரெண்டு போனும் பாடிக்கொண்டிருக்கும்போதே, சட்டத்தை முழு சபைக்கு அனுப்பலாமா என்று குழுவில் ஓட்டெடுப்பு நடந்தது. எல்லாக் கையும் உயர்ந்தது. விட்லாக்குக்கு ஒரு கையில் போன், அதனால் மறு கையைத் தூக்கினார்.

லுர்லீன் போனைக் கேட்டபோது அவர் தர மறுத்துவிட்டார். "இது என் முறை. யாராவது எடுக்கற வரைக்கும் விட மாட்டேன். எடுக்கலேன்னா முழு சபையிலயும் இந்தப் பாட்டைப் போடறேன். எவன் எதிர்த்து ஓட்டுப் போடறான் பார்ப்போம். நீ போய்க் கடையைத் திற."

திரும்பும் வழியில் பிக்கப் ரொம்ப அமைதியாக இருந்தது. டெல்பர்ட் காலியான மடியைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"அப்ப பூட்ட மாட்டீங்க?"

"பூட்டலை. சட்டம் வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுவேன்."

அவன் தொப்பியைக் கழற்றி வைத்தான். "போன்தான் செனட்டர்கிட்ட இருக்கே. காவல் இல்லேன்னா நான் காலையில கடைக்கு எதுக்கு வர்றது?"

லுர்லீனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கோட்டுக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாத்திரை வாங்க வாடா, மடையா," என்றாள்.