திரைக்கு எதிர்ச்சுவர்

என் மகனுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புகிறானா என்று டாக்டர் கேட்டபோது, "சில சமயம் திரும்புறான் சார்" என்றேன். அந்தப் பதில் சரிதானா என்று வீடு வரும்வரை யோசித்தேன். என் குரலுக்குத் திரும்பினானா, என் நிழலுக்கா? திங்கட்கிழமை காதுப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்.

முந்தின நாள், ஞாயிறு, எதிர்வீட்டு அக்கா ஜெபத்துக்கு அழைத்தார். "சும்மா வந்து உக்காரு. உங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது." மாமியாரிடம் கேட்டேன். "புள்ளைக்கு நல்லதுன்னா எங்க வேணாலும் போயிட்டு வாம்மா" என்றார்.

சபை நடப்பது பழைய சினிமாக் கொட்டகையில். சின்ன வயதில் அங்கே படம் பார்த்திருக்கிறேன். கடலுக்குப் போகாத நாட்களில் கோட்டுச்சேரிமேட்டு ஆட்கள் குடும்பத்தோடு வந்து நிறைத்துவிடுவார்கள். பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். கூட்டம் குறைந்து கொட்டகையை மூடியபின் சில வருடம் உர மூட்டை அடுக்கினார்கள். பிறகு சபைக்காரர்கள் வாங்கினார்கள். திரை இருந்த இடத்தில் இப்போது சிலுவை. நடுச்சுவரை இடித்துவிட்டார்கள், ஆனாலும் பெண்கள் அதே பக்கத்தில்தான் உட்காருகிறார்கள்.

அங்கே போகிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா சிரித்தாள். "கைக்குழந்தையா உன்னைத் தூக்கிட்டுப் போவேன். படம் போடுற மணி அடிச்சா போதும், வீல்னு கத்துவே. 'ஏம்மா, அதுக்கும் ஒரு டிக்கெட் எடு, கதாநாயகனைவிட அதுதான் அதிகமா பேசுது'ன்னு பின்னாலேருந்து கத்துவாங்க. வெளியிலயேதான் நிப்பேன். உனக்குப் போயி இப்படி ஒரு..." என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

பாட்டு தொடங்கியதும் மகன் ஓடிப்போய் ஸ்பீக்கர் பெட்டியில் கையை வைத்துச் சிரித்தான். எனக்கு உயிர் வந்தது. மறுகணமே, அதிர்வு கைக்கும் தெரியுமே என்று தோன்றியது. தூக்கி வந்து சிலுவையைப் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொண்டேன்.

எல்லோரையும் கண்ணை மூடி மௌனமாக ஜெபிக்கச் சொன்னார் பாஸ்டர். மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. என்னால் கண்ணை மூட முடியவில்லை.

பின்சுவரின் மேலே, படம் ஓட்டும் அறையின் இரண்டு சதுர ஓட்டைகளை யாரும் அடைக்கவில்லை. அதிலொன்றில் ஒரு புறா முனகியது. மகன் தலையைத் திருப்பி அண்ணாந்து பார்த்தான்.

பின்வரிசையில் யாராவது அசைந்திருப்பார்களோ? அவன் முகத்தை மெல்ல சிலுவைப் பக்கம் திருப்பிவிட்டுக் காத்திருந்தேன். சுற்றிலும் எல்லோரும் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் புறாவிடம்தான் கேட்டேன், இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை என்று.

அது முனகியது. அவன் திரும்பினான். இம்முறை விரலையும் நீட்டினான்.

புறா இருக்குமிடம் நினைவிருந்து திரும்பியிருப்பான் என்று அதற்குள் மனம் ஆரம்பித்துவிட்டது. அக்கா கண்ணைத் திறந்து, "என்னம்மா, ஏன் அழுவுறே?" என்றார். பதில் சொல்வதற்குள் மேளம் முழங்கியது. புறா படபடத்துப் பறந்து போயிற்று. அது போன ஓட்டையைப் பார்த்து மகன் வீல் என்று கத்தினான்.

வெளியே தூக்கிப் போகும்படி யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அம்மா என்னோடு நின்ற அதே வாசல். நாளை டாக்டர் கேட்டால் சில சமயம் என்று சொல்லக் கூடாது. புறா முனகியது, இரண்டு தடவையும் திரும்பினான். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

அவன் அழுகை ஓய வெகுநேரமானது. நான் சமாதானப்படுத்தாமல் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.