வாங்கு காயுமட்டும்

நனைந்த பலகை மணத்தால் எனக்கு இன்றைக்கும் வாயில் நல்ல சொல் வராது. மழைக்குக் கதவு நனைந்தாலும் போதும், யாரையாவது ஏசத் தோன்றும். அது சண்டிலிப்பாய்ப் பக்கம் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக இருக்கும் முன்வாங்கின் மணம். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது அந்த வாங்கால்தான்.

இங்கிலீசு படிப்பித்த வாத்தியார் கெட்டிக்காரர், அதை மறைக்கக் கூடாது. ஒரு சொல்லைப் பிடித்தால், அது எந்தெந்தச் சொல்லோடு சேரும் என்று பிழிந்து எடுப்பார். ‘டேக்’ என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு கிழமை. மருந்து குடித்தாலும் டேக், படம் பிடித்தாலும் டேக், குளித்தாலும் டேக். பிள்ளைகள் எழும்பிச் சொல்லி, செய்தும் காட்ட வேண்டும். ‘டேக் எ சீட்’ என்றதும் ஒருவன் வாத்தியாரின் கதிரையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். “டேய், அது கதிரையைக் களவெடுக்கிறதில்லை. இருக்கிறது,” என்றார். வகுப்பே சிரித்தது. நிலத்தில் சாக்கில் இருந்த நாங்கள் நாலு பேரும் சிரித்தோம். எங்கள் சாதிப் பிள்ளைகளுக்கு வாங்கு கிடையாது. செய்துகாட்டும் முறையும் எங்களுக்கு வராது. காதை மட்டும் அவர்களால் பொத்த முடியவில்லை. எல்லாம் எனக்குப் பாடம்.

ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். வெளியூர்க்காரர், ஊர் வழக்கம் தெரியாதவர். என்னை நோக்கி விரலை நீட்டி, “டேக் எ சீட்,” என்றார். வாத்தியாரின் கண் வேண்டாம் என்றது. எனக்கோ ஒரு தரமாவது செய்துகாட்ட ஆசை. முன்வாங்கின் நுனியில் ஒரு சாண் இடம் கிடந்தது. பாவாடையை ஒதுக்கி, துரைச்சாணி மாதிரிப் போய் இருந்தேன். “வெரி குட்,” என்றார் இன்ஸ்பெக்டர். வாத்தியாரும் பல்லைக் காட்டினார்.

இன்ஸ்பெக்டரின் கார் ஒழுங்கை திரும்பியதும் அந்தப் பல் மறைந்தது. வாங்கைக் கிணற்றடிக்குத் தூக்குவித்து, சாம்பல் போட்டு உரஞ்சிக் கழுவுவித்தார். என்னை வெயிலில் விட்டார். “வாங்கு காயுமட்டும் நில்.”

காயப் பின்னேரமானது. வீட்டில் அம்மா, “ஏனடி போய் இருந்தனீ?” என்று கேட்டார்.

“இருக்கச் சொன்னவை.”

அடுத்த நாள் அம்மா என்னைப் புகையிலைத் தோட்டத்து வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

இருபது வருசத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் நான் இருக்க, மருதனார்மடத்தில் ஒரு கிழவர் தடியோடு ஏறினார். அதே வாத்தியார். என்னைத் தெரியவில்லை. எழும்பினேன். “டேக் எ சீட், சேர்.”

இருந்தார். முகம் மலர்ந்தது. “நல்ல உச்சரிப்பு. ஆரிட்டைப் படிச்சனீர், பிள்ளை?”

“உங்களிட்டைத்தான், சேர். சாக்கிலை இருந்து.”

சீட்டில் ஊன்றியிருந்த கையை மெல்லத் தூக்கினார். பிறகு தடியைத் தேடினார்.

“இருங்கோ சேர்,” என்றேன். “நான் இருந்த சீட்தான். பஸ்ஸை நிப்பாட்டிக் கழுவேலாது.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணம் வருமட்டும் அவரைப் பார்த்தபடியே வந்தேன். இறங்கிய பிறகுதான் உறைத்தது: பஸ்ஸிலும் நின்றது நான்தான்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், அவர்கள் சொல்ல முதலே இருந்துவிடுவேன். பலகை ஈரமாக இருந்தாலும்.