கட்டிலுக்கு அடியில் மூச்சு

என் வலது கையிலிருந்து முதலில் நழுவியது சாக்பீஸ். எட்டாம் வகுப்புக்கு வட்டம் வரைந்துகொண்டிருந்தேன். பாதி வட்டத்தில் விரல்கள் தளர்ந்து அது கீழே விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் கூடச் சிரித்துவைத்தேன். பிறகு காபி டம்ளர், தோசைத் திருப்பி என்று ஒவ்வொன்றாக நழுவ ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுபோனது. கழுத்தில் நரம்பு அழுந்துகிறது போலிருக்கிறது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்காமல் எதுவும் செய்ய முடியாது என்றார் டாக்டர். ரொம்பத் தள்ளிப்போட்டால் கையில் போன பலம் திரும்பாமலே போகலாம் என்றும் சொன்னார்.

லிஃப்டில்கூட ஏறாதவள் நான். அயனம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட் நாலாவது மாடி. காய்கறிப் பையோடு படியேறித்தான் போவேன். அப்படிப்பட்டவளை அம்பத்தூர் ஸ்கேன் சென்டரில் படுக்கவைத்து, முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டி, காதில் பஞ்சு வைத்து, பயமாக இருந்தால் அழுத்தச் சொல்லிக் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, குழாய்க்குள் தள்ளினார்கள். கண்ணைத் திறந்தேன். மூக்குக்கு நேர் மேலே வெள்ளைச் சுவர். ரப்பர் பந்தை அழுத்திய அழுத்தில் ஸ்கேன் எடுக்கும் தம்பி ஓடியே வந்துவிட்டார். இயந்திரம் வேலையைத் தொடங்கவே இல்லை, அதற்குள் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாமா என்று கேட்டதற்கு டாக்டர் தயங்கினார். எனக்கு வீசிங் உண்டு. "முடிஞ்சவரைக்கும் அது வேண்டாம்மா. கொஞ்ச நாள் மூச்சுப்பயிற்சி பண்ணி மனசைத் தயார் பண்ணிக்கிட்டு வாங்க" என்றார்.

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் காலையில் மூச்சுப்பயிற்சி நடக்கும். நடத்துபவர் கீழ்வீட்டு வங்கி அதிகாரி. அவர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: மூச்சை இழுக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம், வருவதையும் போவதையும் மூக்கு நுனியில் கவனித்தால் போதும். எண்ணம் வந்தால் வரட்டும், தெரிந்தவுடன் மறுபடி மூச்சுக்கு வந்துவிடுங்கள். கேட்க எளிதாகத்தான் இருந்தது. நான் வாத்தியார் ஆயிற்றே, வகுப்பில் செய்வதை மனத்திடமும் செய்தேன். கையைக் கட்டு, வாயை மூடு, பேசினால் வெளியே நில். அது பேசிக்கொண்டே இருந்தது.

மாடியில் காற்றும் வெளிச்சமுமாகப் பழகினால் குழாய்க்குள் உதவாது என்று எனக்கே ஒரு யோசனை தோன்றியது. கட்டிலுக்கு அடியிலிருந்த கொலுப் பெட்டிகளை வெளியே இழுத்துவிட்டு நான் உள்ளே போய்ப் படுத்தேன். கட்டில் பலகை முகத்துக்குக் கிட்டத்தில் இருந்தது. முதல் நாள் உடனே உருண்டு வெளியே வந்துவிட்டேன், முழங்கையில் நல்ல சிராய்ப்பு. என் வீட்டுக்காரருக்கு வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை. அவர் கதவருகே நின்று, "உள்ள இருக்கியா, வந்துட்டியா?" என்று கேட்பார். அந்தக் கேலி பிடிக்காததால் அவருக்கும் சட்டம் போட்டேன். நான் கட்டிலுக்கு அடியில் இருக்கும்போது மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் விசில் அடிக்கக் கூடாது, போனில் பேசக் கூடாது. பாவம் மனுஷன், ஆபீஸ் மீட்டிங்கெல்லாம் கீழே காருக்குள் உட்கார்ந்து பேசினார். சட்னி இல்லாத இட்லியையும் முணுமுணுக்காமல் சாப்பிட்டார்.

அப்படி வீட்டை அடக்கிவிட்டேன். ஊரை அடக்க முடியவில்லை, ஏனென்றால் ஆடி பிறந்துவிட்டது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மன் கோயில். விடிவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிடும், ஒலிபெருக்கி ஒன்று சரியாக எங்கள் படுக்கையறையைப் பார்த்தபடி. பல்லைக் கடித்துக்கொண்டு சில நாள் படுத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அடக்கமாட்டாமல் இறங்கிப் போனேன்.

விழாவை நடத்துவது கோயிலுக்குப் பக்கத்து வீட்டு அம்மாவின் குடும்பம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்தவர்கள், இப்போது மகன்கள் வேன் ஓட்டுகிறார்கள். அந்தம்மா வாசலில் கூழ் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர், காலைலயே மூச்சு வாங்கிகினு வரீங்க?"

"தியானம் பண்ண முடியலைம்மா. அந்த ஸ்பீக்கரை வேற பக்கம் திருப்பச் சொல்லுங்க. மனுஷங்க இங்க இருக்கிறதா வேண்டாமா?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"திருப்பலாம். அந்தாண்ட திருப்புனா அந்தத் தெரு டீச்சர் வருவாங்க." துடுப்பை நிறுத்தாமலே கேட்டார். "தியானம்னா இன்னா பண்ணுவீங்க?"

"மனசை அமைதியா வெச்சுக்கிறது."

அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். முடி கலைந்து, இடுப்பில் கையோடு நின்றுகொண்டிருந்தேன். "இன்னிக்கு ஆயிடுச்சா, இனிமேதானா?" என்றார்.

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவர் கிண்டலோடு விடவில்லை, ஒரு சொம்பு நிறையக் கூழ் ஊற்றி, வெங்காயமும் முருங்கைக்கீரையும் வைத்துக் கொடுத்தார். வாங்காமல் வர எனக்குத் துணிவில்லை.

மேலே வந்து மறுபடி கட்டிலுக்கு அடியில் நுழைந்தேன். பாட்டு அலறியது. எனக்குச் சண்டை போடும் தெம்பு இல்லை. அலறட்டும் என்று விட்டுவிட்டேன். பாட்டு காதில் விழுந்தது, அவமானம் வயிற்றில் கிடந்தது, மூச்சு அதுபாட்டுக்கு வந்து போனது. முதல் தடவையாக, பலகை முகத்துக்கு மேலே இருப்பதை நான் மறந்துபோயிருந்தேன். வெளியே வந்ததும் மிக்ஸி போடலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் உடனே எழுந்துபோய்த் தேங்காய் உடைத்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். சில நாள் அந்த நிலை வந்தது, பல நாள் வரவில்லை. கை மேலும் பலம் இழந்தது. ரவிக்கை கொக்கி மாட்ட அவர் உதவ வேண்டியிருந்தது. இடது கையால் கரும்பலகையில் எழுதப் பழகினேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து ஓய்வறையில் அழுதேன்.

ஸ்கேனுக்கு வீட்டுக்காரரோடு மறுபடி போனபோது அதே தம்பி இருந்தார். ரப்பர் பந்தை வலது கையில் வைத்தார். அந்தக் கையை நம்பாமல் இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். குழாய்க்குள் போனதும் இயந்திரம் தொடங்கியது. இப்படி ஒரு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. போன தடவை அதுவரை நான் இருக்கவில்லையே! இடித்தது, உறுமியது, நின்றது, வேறு தாளத்தில் மறுபடி இடித்தது. மனசு கத்தியது: மூச்சு முட்டப்போகிறது, வீசிங் வரப்போகிறது, அழுத்து. கட்டைவிரல் பந்தின் மேல் இருந்தது. நீ பயந்துகொள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, என்று அதனிடம் சொல்லிவிட்டு மூச்சைப் பார்த்தேன். அது குட்டையாக, திக்கித் திக்கி வந்தது. அப்படியே வரட்டும் என்று விட்டேன். சத்தம் தாளம் மாறும்போதெல்லாம் ஓடிவிடத் தோன்றியது. ஒவ்வொரு தடவையும் அடுத்த மூச்சு வரைக்கும் மட்டும் இருந்தேன்.

நான் படுத்திருந்த மேடை வெளியே நகர்ந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. தம்பி கூண்டைக் கழற்றாமல் தயங்கி நின்றார்.

"அம்மா, நல்லாவே இருந்தீங்க. ஆனா கடைசிப் படத்துல கொஞ்சம் அசைஞ்சுட்டீங்க. கழுத்துல டாக்டர் கேட்ட இடமே அதுதான். அது மட்டும் திரும்ப எடுக்கணும். வேணும்னா வெளியில ஐயாவோட கொஞ்ச நேரம் உக்காந்துட்டு..."

என் நெஞ்சு அடித்துக்கொண்டது, நன்றாகவே அடித்துக்கொண்டது. வெளியே போனால் செருப்பை மாட்டிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"வேணாம் தம்பி, உள்ள தள்ளுங்க" என்றேன்.